படத்தைத் தேர்ந்தெடுப்பது யார்?

2024 ஜூன் மாதம் கருணாபுரத்துக்கு எத்தனை கேமராக்கள் வந்தன என்று யாரும் எண்ணவில்லை. விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கும் மேல் இறந்துபோன அந்த நாட்களில், கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கும் அந்தத் தெருக்களில் நடக்க இடம் இல்லை. இறந்தவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். வாசலில் கிடத்திய உடல்கள், மார்பில் அடித்துக்கொண்டு அழும் பெண்கள், கோமுகி ஆற்றங்கரையில் எரிந்த சிதைகள். அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன், பகிரவும் செய்தேன்.

ஒரு வருடம் கழித்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை. விடுமுறையில் லோடு ஏற்றிச் சேர்த்த காசில் யாரோ பயன்படுத்திய பழைய கேமரா ஒன்றை வாங்கியிருந்தான். ஏன் வாங்கினாய் என்று கேட்டேன்.

"எங்க பெரியம்மா அழுவுற படம் எல்லா ஃபோன்லயும் வந்துச்சுக்கா. ஒன்னுல கூட அவங்க பேரு இல்ல. செத்துப்போன பெரியப்பா பேரும் இல்ல. அதான்."

இதற்கு மேல் ஒரு காரணம் தேவையில்லை. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியதும், 1907-ல் அயோத்திதாசர் 'ஒரு பைசா தமிழன்' தொடங்கியதும், 1920-ல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியதும் இதே காரணத்துக்காகத்தான். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதியதில் நாம் இல்லை. அன்று அச்சு எதுவாக இருந்ததோ அதுதான் இன்று கேமரா.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரி இல்லை. உண்மை அறியும் குழுக்களோடு போய், மனுக்களுக்கும் அறிக்கைகளுக்கும் பல வருடங்களாகப் படம் எடுத்த அனுபவம் மட்டும் உண்டு. அந்தத் தைரியத்தில் கற்றுத்தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அந்தச் சில மாதங்களில் நான் செய்த தவறுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம் அமைப்புகளில் இப்போது நிறையப் பேர் தம்பி தங்கைகள் கையில் கேமராவைக் கொடுக்கிறோம். நான் இடறிய இடத்தில் நீங்களும் இடற வேண்டாம்.

முதல் வாரம், "உங்க தெருவுல இருக்கற பிரச்சினைகளை எடுத்துட்டு வா" என்று அனுப்பினேன். சுமார் 140 படங்கள் எடுத்து வந்தான். சாக்கடை, உடைந்த குழாய், விரிசல் விட்ட தொகுப்பு வீடு எல்லாம் இருந்தன. கூடவே பெரியம்மா தலை வாரிக்கொள்வது, அப்பா சைக்கிளைத் துடைப்பது, பசங்க கேரம் ஆடுவது, ஒரு ஆயா எதற்கோ வாய்விட்டுச் சிரிப்பது என்று பல படங்கள். நான் லேப்டாப்பில் வேகமாகத் தள்ளிக்கொண்டே போய் 12 படங்களை எடுத்து வைத்தேன். "இது போதும், கலெக்டர் ஆபீஸ் மனுவோட வைக்கலாம்" என்றேன்.

அவன் அந்தப் பன்னிரண்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "இதுல எங்க தெரு இல்லையேக்கா?"

சாக்கடை அவன் தெருவில்தான் இருக்கிறது. பொய் இல்லை. ஆனால் அவன் எடுத்து வந்த தெருவில் சிரிப்பும் இருந்தது, சைக்கிளும் இருந்தது. நான் தேர்ந்தெடுத்த தெருவில் அவை இல்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் வந்துபோன கேமராக்கள் எந்தப் பெரியம்மாவை எடுத்தனவோ, அதே அழும் பெரியம்மாவைத்தான் நானும் தேடிக்கொண்டிருந்தேன். இந்த முறை படத்தை எடுத்தது நம் பையன் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

கேமராவைக் கொடுப்பது எளிது. எடுத்த படங்களில் எதை வைப்பது, எதை நீக்குவது, அடியில் என்ன எழுதுவது, யாரிடம் காட்டுவது என்கிற முடிவைக் கொடுப்பதுதான் கடினம். அதைக் கொடுக்காத வரை நாம் ஒரு புகைப்படக்காரரை உருவாக்கவில்லை. நமக்காகச் சம்பளம் இல்லாமல் படம் எடுக்கும் ஆளைத்தான் உருவாக்குகிறோம்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது அமெரிக்கக் கறுப்பினப் புகைப்படக்காரர் கார்டன் பார்க்ஸின் கதை. 1912-ல் கன்சாஸில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அடகுக் கடையில் ஏழரை டாலருக்கு வாங்கிய கேமராவில் தானே கற்றுக்கொண்டவர். 1942-ல் ஒரு உதவித்தொகை கிடைத்து, வாஷிங்டனில் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரசுத் துறையின் புகைப்படப் பிரிவில் சேர்ந்தார். அதன் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர், ஒரு வெள்ளையர். முதல் நாள் அவர் செய்த காரியம், பார்க்ஸின் கேமராவை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டியது. பிறகு, ஊருக்குள் போய் ஒரு கோட்டு வாங்கு, ஓட்டலில் சாப்பிடு, சினிமா பார் என்று அனுப்பிவைத்தார்.

கடையில் பார்க்ஸைக் கண்டுகொள்ளவில்லை. ஓட்டலில் பின்வாசலுக்கு வரச் சொன்னார்கள். தியேட்டரில் விடவே இல்லை. கொதித்துப்போய்த் திரும்பி வந்தவரிடம் ஸ்ட்ரைக்கர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒரு இனவெறியனைப் படம் எடுத்து அடியில் 'இனவெறியன்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது, இந்த ஊரில் இதை வாழ்நாள் முழுக்க அனுபவித்த உன் மக்களிடம் போய்ப் பேசு.

அதே கட்டடத்தில் தரை துடைக்கும் வேலை பார்த்த எல்லா வாட்சன் என்ற பெண்ணிடம் பார்க்ஸ் பேசினார். அவருடைய அப்பாவை வெள்ளைக் கும்பல் கொன்றிருந்தது. கணவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ராத்திரி வேலை பார்த்துப் பேரக் குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் துடைப்பம், பக்கத்தில் தரை துடைக்கும் மாப்பு, பின்னால் அமெரிக்கக் கொடி என்று பார்க்ஸ் எடுத்த அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அந்தப் பெண்ணோடு இன்னும் இரு என்று ஸ்ட்ரைக்கர் சொன்னார். பல வாரங்கள் பார்க்ஸ் எல்லா வாட்சனின் வீட்டுக்குப் போனார், தேவாலயத்துக்குப் போனார், பேரப்பிள்ளைகள் சாப்பிடுவதை எடுத்தார். கொடிக்கு முன்னால் நின்ற 'துப்புரவுப் பெண்' அந்தப் படங்களில் ஒரு முழு மனுஷியானார்.

இந்தக் கதையை நம் கூட்டங்களில் சொல்லும்போது பலர் இங்கேயே கைதட்டிவிடுகிறார்கள். அதே ஸ்ட்ரைக்கருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1930-களில் அவருடைய அலுவலகத்தில், வேண்டாம் என்று ஒதுக்கிய நெகட்டிவ்களில் பஞ்ச் மிஷினால் ஓட்டை போட்டுவிடுவார்கள். அதன்பின் அந்தப் படத்தை யாரும் பயன்படுத்த முடியாது. எடுத்தவர்களிடம் கேட்பதில்லை. அவர்கள் எதிர்த்த பிறகுதான் அந்த வழக்கம் நின்றது. அந்த நெகட்டிவ்கள் இன்றும் காப்பகத்தில் இருக்கின்றன. வயல்வெளிக்கு நடுவில், சிலருடைய முகத்திலேயே கூட, கருப்பு வட்டம் விழுந்திருக்கும்.

பேசக் கற்றுக்கொடுத்தவரின் கையிலேயே ஓட்டை போடும் கருவியும் இருந்தது. 140-ல் 12-ஐ எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளியபோது என் கையிலும் அதுதான் இருந்தது.

சரி, மாற்றிக்கொண்டோம். அடுத்த வாரத்திலிருந்து முதல் தேர்வு அவனுடையது. அவன் எடுத்து வைத்ததை நான் பார்ப்பேன், கேள்வி கேட்பேன். "இதை ஏன் வச்ச? இதை ஏன் விட்ட?" பதில் சொல்ல முடியாத படத்தை அவனே எடுத்துவிடுவான். சில படங்களுக்கு அவன் சொன்ன பதில் என் வாயை அடைத்தது.

தொழில்நுட்பமும் படித்தோம். அதிலும் சாதி, நிறம் எல்லாம் வந்து நின்றன. அவன் எடுத்த படங்களில் அம்மாவின் முகம் எப்போதும் இருண்டிருந்தது. ஃபோனில் போட்டு வெளுப்பாக்கிக் கொண்டு வந்தான். அப்போது அம்மா வேறு யாரோ மாதிரி இருந்தார். காரணம் எளிமையானது. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தைக் கணக்குப் போடும். பின்னால் வெள்ளைச் சுவரோ வானமோ இருந்தால் கருத்த முகம் இன்னும் இருண்டுவிடும். முகத்தின் மேல் மட்டும் அளக்க வேண்டும், அல்லது வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் நிற்க வைக்காமல் திண்ணை நிழலில், வாசலைப் பார்த்து உட்கார வைத்தால் போதும். கருப்பு கருப்பாகவே, அழகாக வரும்.

ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். இன்றைய ஃபோன்களின் பியூட்டி ஃபில்டர் நம் முகத்தை வெளுக்கும்போது அந்த அட்டையின் ஞாபகம்தான் வருகிறது. இதை அவனிடம் சொன்ன அன்றைக்கு ஃபில்டரை நிறுத்திவிட்டான்.

நம் மண்ணிலேயே இருக்கும் முன்னோடிகளையும் காட்டினேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர் எம். பழனி குமார். அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். 2017-ல் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் பழனி குமார்தான். இப்போது பாரி இணையதளத்தின் புகைப்படக்காரர். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையை வருடக் கணக்கில் பதிவு செய்கிறவர், தன் அம்மாவையும் அதே அக்கறையோடு எடுத்திருக்கிறார். விளிம்புநிலைக் குழந்தைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்தும் வருகிறார்.

வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் இன்னொருவர். தலித் பிள்ளைகளுக்காக அந்த ஊரில் பள்ளி தொடங்கிய பொன்னுத்தாயின் பேரன். வெளியே நிறைய அலைந்தவர், கொரோனா ஊரடங்கில் வீடு திரும்பித் தன் குடும்பத்தையே எடுத்தார். வீட்டில் நடக்கும் சாதாரண நாளும் ஒரு ஆவணம்தான் என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்த தைரியத்தில் கல்வராயன்மலைக்குப் போனோம். அங்கேதான் நான் செய்த பெரிய தவறு.

கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலையேறினால் வெள்ளிமலை. மலை முழுக்க வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், தமிழ் பேசும் மலைமக்கள். ஜாகிர்தார்களுக்கு வெட்டி வேலை செய்து கிடந்த மக்கள். நாடு விடுதலை அடைந்து கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, 1976-ல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகு செய்திகளில் 'சாராய மலை' என்ற ஒரே அடையாளம்தான் இதற்கு. மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவமனை, பட்டா பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் கொஞ்சம் வெளியே வந்தது.

தம்பி அன்றைக்கு உற்சாகமாக இருந்தான். மரவள்ளிக் காடு, சாமை காயும் பாறை, கடுக்காய் மூட்டை என்று எல்லாவற்றையும் எடுத்தான். ஒரு வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர் நீல பிளாஸ்டிக் டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல வெளிச்சம், நல்ல முகம். எடுத்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தான். 'கல்வராயன்மலை' என்று ஒரு வார்த்தை மட்டும். யாரோ அதை எடுத்து, 'இன்னும் ஓடுது சாராயம்' என்று எழுதி வேறு குரூப்பில் போட்டுவிட்டார்கள். டிரம்மில் இருந்தது தண்ணீர். குழாயில் எப்போது வரும் என்று தெரியாததால் பிடித்து வைத்த தண்ணீர். மூன்றாம் நாள் தம்பியின் கல்லூரியிலேயே படிக்கும் ஒரு பையன் அவனைத் தேடி வந்து, ஃபோனை நீட்டிக் கேட்டிருக்கிறான்: "இது எங்க தாத்தா. இதை எடுத்தது நீயா?"

தம்பி என்னிடம் வந்து அழுதான். "பெரியம்மாவுக்குப் பண்ணினதைத்தானேக்கா நானும் பண்ணிட்டேன்."

அவன் மேல் தவறு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு என்னுடையது. வெளிச்சம் அளக்கச் சொல்லிக்கொடுத்தேன், உட்கார்ந்து பேசச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் சேரியிலிருந்து வந்தவன், அதனால் ஒடுக்கப்பட்ட எவரையும் இயல்பாகவே மரியாதையாக எடுப்பான் என்று நான் நினைத்துக்கொண்டேன். நம்மில் பலருக்கும் இந்த நினைப்பு உண்டு. நம் தெருவில் நாம் உள்ளாள். மலையில் அவனும் நானும் வெளியாட்கள். பேருந்தில் வந்து, படம் எடுத்து, மாலையில் இறங்கிப் போகிறவர்கள். கேமராவைத் தூக்கியவுடன் நம் சாதி அனுபவம் தானாக நம்மைத் திருத்திவிடாது.

எம்.ஏ. சமூகவியல் படித்தபோது எட்கர் தர்ஸ்டனைப் படித்தேன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் வரிசைப்படுத்தினார். மூக்கை அளந்தார், தலையை அளந்தார், படங்களையும் சேர்த்தார். படத்தில் இருப்பவருக்குச் சாதிப் பெயர் உண்டு, சொந்தப் பெயர் இல்லை. வகுப்பில் அதை விமர்சித்துப் பக்கம் பக்கமாக எழுதினேன். வெள்ளிமலையில் அந்தப் பெரியவரின் பெயரைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மலைக்குப் போனோம். அந்தப் பேரனும் வந்தான். தம்பி கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். நான் சொல்லவில்லை, அவனாகச் செய்தது. பெரியவரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் திட்டவில்லை. "ஃபோட்டோ எடுத்துட்டுப் போனா பின்னாடியே போலீஸ் வரும்னு பயந்துகிட்டு ரெண்டு நாளா பேரன் தூங்கல" என்று மட்டும் சொன்னார். ஒரு படம் மலையில் என்ன செய்யும் என்பதை அதற்கு மேல் யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மதியம் வரை பேசிக்கொண்டிருந்தோம். வெட்டி வேலைக்குப் போன கதையைச் சொன்னார். கிளம்பும்போது அவரே, "அடுத்த தடவை மிஷினைக் கொண்டு வா, நல்ல சட்டை போட்டுக்கறேன்" என்றார்.

நல்ல சட்டையோடு எடுத்த படத்தின் முதல் பிரிண்ட் அவர் வீட்டில்தான் இருக்கிறது. அடியில் என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்ல, பேரன் எழுதினான். அந்தப் பெயரை இங்கே எழுத அனுமதி கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. ஸ்டேட்டஸில் பரவிய பழைய படத்தைத் திரும்பப் பிடிக்க எங்களால் முடியவில்லை. அது இன்னும் எங்கேயோ சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

புதிதாகக் கேமரா பிடிக்கும் ஒருவருக்குத் துணை நிற்கும் தோழர்களுக்கு, இந்த அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் சந்திப்புக்குக் கேமரா வேண்டாம். ஸ்ட்ரைக்கர் பூட்டி வைத்ததை நாமும் செய்யலாம். ஒரு தெருவில் மூன்று பேரின் பெயரும், அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதும் தெரிந்த பிறகு எடுக்கட்டும்.

அனுமதி என்பது 'எடுக்கட்டுமா' என்ற ஒரு கேள்வியோடு முடியாது. எங்கே போடுவோம், யார் பார்ப்பார்கள் என்றும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று பிறகு சொன்னாலும் எடுத்துவிட வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவது சட்டப்படி குற்றம். நியாயம் கேட்டுப் போடுகிறோம் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

படத்தைத் தனியாக வெளியே அனுப்பாதீர்கள். பெயர், ஊர், தேதி, என்ன நடக்கிறது என்ற நான்கு வரியாவது கூடவே போகட்டும். பெயர் ஆபத்து என்றால் பெயரை விடுங்கள், ஆனால் டிரம்மில் இருப்பது தண்ணீர் என்பதை எழுதுங்கள். நாம் எழுதாமல் விட்ட இடத்தில் வேறொருவர் எழுதுவார்.

படம் எடுத்தவருடையது. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர்தான். வேலைக்கு அமர்த்தியோ காசு கொடுத்தோ எடுக்கச் சொன்னால் உரிமை மாறலாம். சும்மா எடுத்துத் தந்த படத்தின் மேல் நம் அமைப்பின் முத்திரையை மட்டும் போட்டு, எடுத்த தம்பியின் பெயரை விட்டுவிடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. உழைப்பைச் சுரண்டாதே என்று மேடையில் பேசுகிற நாம் இதை நிறுத்த வேண்டும்.

கடைசியாக, தேர்வு. அவர்கள் முதலில் தேர்ந்தெடுக்கட்டும். நமக்குப் பிடிக்காத படத்தையும் அவர்கள் வைக்கட்டும். கேள்வி கேளுங்கள், அழிக்காதீர்கள்.

கலெக்டர் அலுவலகத்துக்குப் போன மனுவோடு கடைசியில் 15 படங்கள் வைத்தோம். சாக்கடை இருந்தது, உடைந்த குழாய் இருந்தது. தம்பி பிடிவாதமாக வைத்த படம் ஒன்றும் இருந்தது. பெரியம்மா வாசலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருக்கிறார், பக்கத்துச் சுவரில் பெரியப்பாவின் படம் மாட்டியிருக்கிறது. இரண்டு பேரின் பெயரும் அடியில் இருந்தன, பெரியம்மாவைக் கேட்டு அவனே எழுதியது. மனு வாங்கிய அலுவலர் அந்தப் படத்தில் கொஞ்ச நேரம் நின்று, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

தம்பி பதில் சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன்.

ஜெய் பீம்.